தூங்காத கணக்கப்பிள்ளை

உறங்குங்கள், பணம் தானாக வரும் என்று எவனாவது சொன்னால், நம் பாட்டன் காலத்தில் அவனைப் புதையல் எடுத்துத் தரும் மந்திரவாதி என்பார்கள். பூசணிக்காயும் கோழியும் வாங்கிக்கொண்டு நள்ளிரவில் காணாமற் போவான். இன்று அவன் கையில் வேப்பிலை இல்லை, மடிக்கணினி இருக்கிறது. பங்குச் சந்தையில் தானே வாங்கித் தானே விற்கும் மென்பொருளை, 'அல்கோ' என்ற செல்லப் பெயரால் விற்கிறான். மாதச் சந்தா கட்டினால் போதுமாம். நீங்கள் துறைமுகத்திலே மூட்டை எண்ணிக்கொண்டிருக்கலாம், எண்ணூரிலே கிரேன் ஓட்டிக்கொண்டிருக்கலாம், வீட்டிலே படுத்துக்கூட உறங்கலாம். தூங்காத கணக்கப்பிள்ளை ஒருவன் உங்களுக்காகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பானாம்!

இந்தக் கணக்கப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று பார்க்க வேண்டிய கடமை நமக்கு வந்திருக்கிறது. ஏன்? அவன் வியாசர்பாடிக்குள் வந்துவிட்டான்.

சத்தியமூர்த்தி நகரில் ஓர் இளைஞரைச் சந்தித்தோம். டாக்டர் அம்பேத்கர் கலைக் கல்லூரியில் படித்தவர். கண்டெய்னர் யார்டு ஒன்றில் ஷிப்டு வேலை. பாட்டனார் பின்னி ஆலையின் பாய்லர் அறையில் உழைத்தவர். அந்த ஆலை 1996இல் மூடப்பட்ட கதையை இந்தப் பகுதியில் யாருக்கும் நாம் சொல்லத் தேவையில்லை. சீட்டு எடுத்த பணத்தைப் போட்டு, மென்பொருளையும் வாங்கி, மடிக்கணினியில் ஓடவிட்டிருந்தார் அந்த இளைஞர். சில மாதங்கள் சின்னச் சின்ன லாபம்.

2023 டிசம்பர் 1, வெள்ளிக்கிழமை. மென்பொருள் நிப்டி 'கால்' ஆப்ஷன்களை விற்றுவைத்தது. அதாவது, சந்தை ஏறாது என்று பந்தயம் கட்டியது. சனி, ஞாயிறு விடுமுறை. ஞாயிறன்று மூன்று மாநிலத் தேர்தல் முடிவுகள் ஒரே பக்கமாக வந்தன. திங்கட்கிழமை, டிசம்பர் 4, சந்தை திறந்தபோதே பாய்ந்து எழுந்தது. அன்று மாலைக்குள் நிப்டி நானூறு புள்ளிகளுக்கு மேல் ஏறி முடிந்தது. பம்பாயில் வெடி வெடித்தார்கள்.

அதே திங்கட்கிழமை வியாசர்பாடி எங்கே இருந்தது? தண்ணீரில் இருந்தது! மிக்ஜாம் புயல் ஊரைப் புரட்டிப் போட்ட நாள் அது. கணேசபுரம் சுரங்கப்பாதை சாதாரண மழைக்கே நீச்சல் குளமாகும். அன்று கேட்கவா வேண்டும்? மின்சாரம் இல்லை. இணையம் இல்லை. கைபேசிக் கோபுரங்கள் ஊமையாயின. அந்த இளைஞரின் மடிக்கணினி அலமாரியின் மேல் தட்டில், கருத்த திரையோடு, பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

"கரண்டு போச்சுண்ணே. அல்கோவும் போச்சு. ஆனா வித்து வச்சது மட்டும் போகாம மார்க்கெட்ல நின்னுகிட்டே இருந்துச்சு" என்றார் அவர்.

இந்த மூன்று வாக்கியத்தில் முழுப் பாடமும் இருக்கிறது. மென்பொருளுக்குள் 'ஸ்டாப் லாஸ்' உண்டு. நஷ்டம் இவ்வளவுக்கு மேல் போனால் அறுத்துவிடு என்ற கட்டளை அது. அந்தக் கட்டளை சந்தையிடம் இல்லை. அலமாரியின் மேல் தட்டில் இருந்தது! ஜாமீன் பணம் போதவில்லை என்று தரகர் நிறுவனமே கடைசியில் கணக்கை அறுத்தது. மின்சாரம் திரும்பி அவர் பார்த்தபோது அரை லட்சத்தை நெருங்கிய தொகை போயிருந்தது. வீட்டில் முழங்கால் தண்ணீர் வடிந்த அடையாளம் சுவரில். கணக்கில் வடிந்த அடையாளம் திரையில்.

'அவர் ஏன் சூதாடினார்?' என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கும் வருவோம். இயந்திரத்தை விற்றவன் சொன்னது பொய் என்பதை முதலில் நிறுவுவோம்.

ஓர் இயந்திரம் ஒரு நாள் ஓடுவது வேறு, ஓராண்டு ஓடுவது வேறு. இது நம் தொழிலாளித் தோழனுக்குத் தெரியும். புது பேரிங் முதல் நாள் சத்தம் போடாது. கணினிக்கும் இதுவே விதி. கணினியின் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் வேறுபாடு. இரும்பு தேய்ந்தால் தூள் விழும். கணக்கு தேய்ந்தால் ஒன்றும் விழாது.

1991 பிப்ரவரி 25. வளைகுடாப் போர். சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கரின் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்புப் படை ஒன்று நின்றது. அதன் கணினி நேரத்தை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணிக்கொண்டிருந்தது. பத்தில் ஒன்று என்ற எண்ணை அந்தக் கணினியின் இரண்டடி எண்முறையில் சரியாக எழுத முடியாது. ஒரு துளி விடுபடும். துளிதானே என்று விட்டார்கள். இடைவிடாமல் சுமார் நூறு மணி நேரம் ஓடிய பிறகு, துளிகள் சேர்ந்து 0.34 விநாடி ஆயின. அந்த நேரத்தில் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்துவிடும். தடுப்புக் கருவி வெற்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. 28 சிப்பாய்கள் மாண்டார்கள். நெடுநேரம் ஓட்டினால் பிசகு வரும் என்று முன்பே படைக்குச் சொல்லியிருந்தார்கள். எவ்வளவு நேரம் நெடுநேரம் என்று மட்டும் சொல்லவில்லை! திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள். இடையிடையே அணைத்துவிட்டு மறுபடி போட்டிருந்தாலே போதும், அத்தனை உயிரும் தப்பியிருக்கக்கூடும்.

போயிங் 787 விமானத்திலும் இதே வியாதி கண்டார்கள். 248 நாள் தொடர்ந்து மின்னோட்டத்தில் இருந்தால், மின்னாக்கியை ஆளும் கணினிகளில் எண்ணும் இடம் நிரம்பி, அவை ஒரே சமயத்தில் நின்றுபோகலாம் என்று 2015இல் அமெரிக்க விமானத் துறை எச்சரித்தது. கால அளவுக்குள் அணைத்து எழுப்புங்கள் என்பதே முதல் மருந்து. விமானம் கட்டுகிற கம்பெனிக்கே இந்த நிலை என்றால், ஆயிரம் இரண்டாயிரம் சந்தாவுக்கு விற்கப்படும் மென்பொருளின் நிலை என்ன?

பணச் சந்தைக்கே வருவோம். அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்று ஒரு நிறுவனம் இருந்தது. இருந்தது என்று இறந்தகாலத்தில் எழுதுகிறோம், காரணம் கேளுங்கள். 2012 ஆகஸ்ட் 1ஆம் நாளுக்காகப் புதிய மென்பொருளை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஏற்றியவர் ஏழில் ஏற்றினார், ஒன்றை விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுதப்பட்ட விதியே அங்கு இல்லை. விடுபட்ட அந்த எட்டாவது சர்வரில், 2003ஆம் ஆண்டோடு பயன்பாட்டிலிருந்து ஒதுக்கிய பழைய நிரல் ஒன்று அழிக்கப்படாமல் கிடந்தது. சந்தை திறந்தது; பிணம் எழுந்தது! வாங்கு, விற்கு, வாங்கு என்று 45 நிமிடத்தில் 154 கம்பெனிப் பங்குகளில் நாற்பது லட்சம் வியாபாரங்களைச் செய்து தள்ளியது. நஷ்டம் நாற்பத்து நான்கு கோடி டாலருக்கு மேல்.

இதில் நம்மை அதிகம் வருத்துவது இரண்டு விஷயங்கள். சந்தை திறக்கும் முன்பே, காலை எட்டு மணியிலிருந்து, அந்த நிறுவனத்தின் கணினியே 97 மின்னஞ்சல்களைத் தன் ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. பிழையின் பெயரையே சொல்லி அனுப்பியது. எவரும் படிக்கவில்லை; அவற்றை எச்சரிக்கை என்று எவரும் வகுத்து வைத்திருக்கவில்லை. இரண்டாவது, பதற்றத்தில் அவர்கள் செய்த வைத்தியம். சரியாக ஓடிய ஏழு சர்வர்களிலிருந்து புதிய நிரலை எடுத்துவிட்டார்கள். ஒரு பைத்தியம் எட்டுப் பைத்தியமாயிற்று. அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்து பெயர் கரைந்தது.

பாய்லர் அறையில் ஷிப்டு மாறும்போது நோட்டுப் புத்தகம் கைமாறும். அழுத்தம் எவ்வளவு, எந்த வால்வு கசிகிறது, எதைத் தொடக்கூடாது என்று எழுதி, அடுத்தவன் படித்த பிறகே முன்னவன் படியிறங்குவான். கூலிக்காரன் கடைப்பிடித்த அந்த ஒழுங்கு, கோட்டு சூட்டுப் போட்ட அமெரிக்கக் கனவான்களிடம் அன்று இல்லை.

'வெளிநாட்டுக் கதை எதற்கு?' என்பாருக்கு உள்நாட்டுக் கதையும் உண்டு. 2021 பிப்ரவரி 24. தேசியப் பங்குச் சந்தையில் காலை பத்து மணிக்குப் பிறகு குறியீட்டெண்கள் அசையாமல் நின்றன. 11.40க்கு வியாபாரமே நிறுத்தப்பட்டது. இரண்டு தொலைத்தொடர்புக் கம்பெனிகளின் இணைப்பும் தடுமாறின என்று முதலில் சொன்னார்கள். ஒன்று போனால் இன்னொன்று என்பதற்காகத்தானே இரண்டு வைத்தீர்கள்? சாலையோரம் பள்ளம் தோண்டிய வேலைகளால் இணைப்பு பாதித்தது, தகவல் சேமிக்கும் சாதனத்தின் அமைப்பும் எதிர்பாராத விதமாக நடந்துகொண்டது என்று பின்னர் விளக்கினார்கள். பள்ளம் தோண்டி வயரை அறுப்பது எருக்கஞ்சேரி சாலையின் தனிச் சொத்து என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். பம்பாய்க்கும் அதில் பங்குண்டு போலும்!

மும்பை மையம் படுத்தால் எழுந்து நிற்க வேண்டிய மாற்று மையம் எங்கே இருந்தது தெரியுமா? நம் சென்னையில்! கோடி கோடியாகக் கொட்டி, இந்த நாளுக்காகவே வைத்திருந்த மையம். அன்று அங்கே மாற்றவில்லை. வழக்கமான நேரம் முடிந்து, திடீரென்று மாலை 3.45க்குச் சந்தை திறந்து ஐந்து மணி வரை நடந்தது. அதற்குள், இனித் திறக்காது என்று எண்ணிய தரகர்கள் பலர், அன்றன்று முடிக்க வேண்டிய வாடிக்கையாளர் கணக்குகளை மற்றொரு சந்தையில் கிடைத்த விலைக்கு முடித்துவிட்டிருந்தார்கள். நஷ்டம் யாருக்கு? சிறு மீன்களுக்கு.

அந்த நிகழ்ச்சி தொடர்பாகத் தேசியப் பங்குச் சந்தையும் அதன் தீர்வக நிறுவனமும் 2023இல் 72 கோடி ரூபாய்க்கு மேல் செபிக்குக் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டன. அந்தப் பணம் சிறு முதலீட்டாளன் கைக்கு இழப்பீடாக வந்ததல்ல. அடி வாங்கியவன் ஒருவன், அபராதம் வாங்கியவன் ஒருவன்.

நல்லதும் நடந்தது, அதை மறைப்பது நம் வழக்கமல்ல. கோளாறு நேர்ந்தால் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று ஏற்பாட்டில் எழ வேண்டும் என்று செபி 2021 மார்ச்சில் விதி வகுத்தது. ஆனால் 2025 அக்டோபர் 28இல் பண்டச் சந்தையான எம்.சி.எக்ஸ். காலை ஒன்பதுக்குத் திறக்க வேண்டியது, மாற்று மையத்திலிருந்து பகல் 1.25க்குத்தான் திறந்தது. காரணம்? வாடிக்கையாளர் குறியீடுகள் போன்ற விவரங்களுக்கு என்றோ வைத்த உச்சவரம்பை எண்ணிக்கை தாண்டிவிட்டதாம். அந்தப் போயிங் வியாதியேதான்! கட்டியபோது போதுமான பாத்திரம். ஆண்டுகள் ஓட ஓடத் தளும்பியது. பாத்திரம் நிரம்பி வருகிறதா என்று பார்க்க ஆள் இல்லை.

ஆக, ஓடுகின்ற கணினிக்கு அருகே விழித்திருக்கும் மனிதன் வேண்டும். பெரிய கம்பெனிகளுக்கு இது தெரியும். அவர்கள் சந்தையின் சர்வருக்குப் பக்கத்திலேயே தங்கள் கணினியை வாடகைக்கு நிறுத்துகிறார்கள். இரண்டு மின் வழி, இரண்டு இணைப்பு, டீசல் ஜெனரேட்டர், ஷிப்டு ஷிப்டாகப் பொறியாளர்கள். ஒவ்வொரு காலையும் கணக்கைச் சந்தையின் கணக்கோடு ஒப்பிட்டுவிட்டே தொடங்குகிறார்கள். விபரீதம் என்றால் ஒரே பொத்தானில் எல்லாவற்றையும் நிறுத்தும் ஏற்பாடும் உண்டு. வியாசர்பாடி இளைஞருக்கு அலமாரியின் மேல் தட்டு உண்டு.

இந்த ஏற்றத்தாழ்வு கணக்கிலும் தெரிகிறது. 2024 செப்டம்பரில் செபியே வெளியிட்ட ஆய்வு சொல்கிறது: பங்கு முன்பேர, ஆப்ஷன் வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்றாண்டில் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். இவர்களில் முக்காற்பங்கினருக்கு மேல், ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்குக் குறைவு என்று காட்டியவர்கள். லாபம் எங்கே போயிற்று? 2023-24இல் அந்நிய முதலீட்டு நிறுவனங்கள் ஈட்டிய லாபத்தில் 97 விழுக்காடும், சொந்தக் கணக்கில் ஆடும் பெருந்தரகர்களின் லாபத்தில் 96 விழுக்காடும் தானியங்கி வியாபாரத்தின் மூலம் வந்தவை. அதே ஆயுதம்தான் இருவர் கையிலும். ஒருவன் கோட்டைக்குள் நின்று வீசுகிறான். ஒருவன் வெள்ளத்தில் நின்று வீசுகிறான்.

'அவர் ஏன் சூதாடினார்?' கேள்விக்கு இப்போது வருவோம். வேலை நிலையில்லை. ஒப்பந்தக் கூலி. ஆலை மூடிய இடத்தில் ஆலை வரவில்லை. கணினி படித்த கைக்குக் கணினியில் ஏதேனும் செய்ய ஆசை. அந்த ஆசை பிழையா? அவர் மென்பொருளைத் தானே பழுது பார்க்கக் கற்றிருக்கிறார் என்பதைக் கண்டு நாம் வியந்தோம். இணைப்பு அறுந்தால் மறுபடி சேர்வது, திரும்ப எழும்போது தன் பழைய ஏட்டை நம்பாமல் தரகரிடம் உண்மை நிலையைக் கேட்டறிவது, ஒரே கட்டளையை இருமுறை அனுப்பாதிருப்பது என்று எல்லாவற்றையும் இப்போது எழுதிச் சேர்த்திருக்கிறார். தினமும் காலையில் அணைத்து எழுப்புகிறார். பேட்ரியாட் கதையை நமக்குச் சொன்னவரே அவர்தான். இந்தத் திறமைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய நிறுவனங்கள் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கின்றன. அவர் கண்டெய்னர் எண்ணுகிறார்.

2025 பிப்ரவரி 4இல், சிறு முதலீட்டாளரின் அல்கோ வியாபாரத்துக்கென்று செபி ஒரு சுற்றறிக்கை விட்டது. ஒவ்வொரு தானியங்கிக் கட்டளைக்கும் சந்தை தரும் அடையாள எண் வேண்டும். நிலையான இணைய முகவரியிலிருந்தே அனுப்ப வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டாத மூடுபெட்டி மென்பொருளை விற்பவர் ஆய்வாளராகப் பதிவு செய்ய வேண்டும். அமலாக்கம் ஒருமுறைக்கு மேல் தள்ளிவைக்கப்பட்டது. நோக்கம் நல்லது, வரவேற்கிறோம். புதையல் மந்திரவாதிகளுக்கு இது கடிவாளம். ஆயினும் நிலையான முகவரி என்பது வீட்டு இணையத்தில் தானாக வருவதில்லை. தனிக் காசு கட்ட வேண்டும், அல்லது எங்கோ ஒரு கணினியை மாத வாடகைக்குப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் வெள்ளத்துக்கும் மின்வெட்டுக்கும் அது ஓரளவு தப்பும் என்பதும் உண்மையே. தப்பித்து ஓடிக்கொண்டிருக்கும் அதை, இருட்டில் கிடக்கும் உரிமையாளர் எப்படி நிறுத்துவார்?

இங்கேதான் நாம் கேட்கிறோம். 2023 அக்டோபரில் சந்தைகள் கூடி 'இர்ரா' என்ற ஏற்பாட்டைத் தொடங்கின. தரகரின் கணினி படுத்துவிட்டால், அவருடைய வாடிக்கையாளர் சந்தையின் வழியாகவே தம் நிலுவைகளை முடித்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. தரகர் படுத்தால் உண்டு, ஊர் படுத்தால்? இரண்டு மாதத்தில் வந்த மிக்ஜாமில் வடசென்னைக்காரனுக்கு அது எட்டவில்லை. மாநில அரசு பேரிடர் என்று அறிவிக்கும் மாவட்டங்களில், சாதாரணத் தொலைபேசியில், தமிழில், கட்டணமின்றி, நிலுவையை முடித்துத் தர ஒவ்வொரு தரகரும் ஆள் வைக்க வேண்டும் என்று செபி விதிப்பதில் என்ன தடை? சந்தை ஏற்கும் ஸ்டாப் லாஸ் கட்டளை அன்று மாலையோடு செத்துவிடுகிறது. நாட்கணக்கில் உயிரோடிருக்கும் கட்டளை சந்தையின் ஏட்டிலேயே இருக்க ஏன் வழி செய்யவில்லை? திங்கட்கிழமை பாய்ச்சலை அது முழுவதும் தடுத்திராது, நாமும் அறிவோம். முழுக் கைவிடலைத் தடுத்திருக்கும்.

மின் வாரியத்துக்கும் ஒரு வார்த்தை. பேசின் பாலத்தில் மின் நிலையத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாய்க்கால் ஓரத்து மின்பெட்டிகளைத் தண்ணீர் தொடும் உயரத்தில் வைத்திருக்கும் விந்தை இன்னும் எத்தனை மழைக்கு? சில இடங்களில் உயர்த்தியிருக்கிறார்கள். சத்தியமூர்த்தி நகரின் உள்தெருக்களில் நாம் பார்த்தவை பழைய உயரத்திலேயே நிற்கின்றன.